கட்டைப்பைக்குள் கிடந்த உடம்பு

நோய்க்கென்று எங்கள் பக்கத்தில் ஒரு பை உண்டு. தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் கொடுத்த கட்டைப்பை. புதுத்துணி சுமந்த பெருமை தீர்ந்து, சில வருடம் ரேஷன் கடைக்கும் கல்யாண வீடுகளுக்கும் போய்வந்து, கைப்பிடி கொஞ்சம் தளர்ந்த பிறகு அது ஆஸ்பத்திரிக் காகிதங்களுக்கு வந்து சேரும். எந்த மருத்துவமனை வராந்தாவிலும் பார்க்கலாம்: எக்ஸ்ரே உறை பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பையை மடியில் வைத்துக்கொண்டு, தன் டோக்கன் எப்போது வரும் என்று மேலே பார்த்தபடி ஒரு வரிசை உட்கார்ந்திருக்கும். பையின்மேல் பட்டுப்புடவை கட்டிய நடிகை சிரித்துக்கொண்டிருப்பார்.

எங்கள் வீட்டுக் கட்டைப்பை சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அதற்கு அதிகாரி என் மனைவி. அவள் கையை விட்டால் வேண்டிய சீட்டு வரும். நான் கையை விட்டால் 2011-ஆம் வருடத்துப் பல் ஆஸ்பத்திரி ரசீது வரும். 2019-இல் அவள் போனபோது பை எனக்கு வந்தது. எடுக்கும் வித்தை வரவில்லை.

இதில் நான் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1977 முதல் 2014 வரை நான் பார்த்த உத்தியோகமே காகிதம் பிரிப்பதுதான். ஆர்.எம்.எஸ். என்கிற ரயில்வே அஞ்சல் பிரிவில் சார்ட்டர். பாதிக் காலம் திருச்சி ஜங்ஷன் அலுவலகம், பாதிக் காலம் ஓடும் வண்டியின் தபால் பெட்டி. இரவு வண்டி அரியலூர், விருத்தாசலம், விழுப்புரம் என்று எழும்பூரை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். குலுங்கும் பெட்டியில் நின்றபடியே கடிதங்களை அறை அறையாக எறிந்து, அந்தந்த ஊர் வருவதற்குள் கட்டி, லேபிள் வைத்துப் பையில் போட்டாக வேண்டும். முகம் தெரியாதவர்களின் கடிதங்களை முப்பத்தேழு வருடம் சரியான அறையில் போட்டவன், தன் உடம்பைப் பற்றிய காகிதங்களை ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பதைச் சும்மா சொல்லவில்லை.

2023 ஜனவரி. மார்கழி முடிய இரண்டு நாள் இருந்தது. விடியற்காலை நான்கு மணிக்குக் கழிப்பறைக்குப் போனவனுக்கு எழுந்து நின்றதும் கண் இருண்டது. சுவரைப் பிடித்ததாக நினைப்பு. பிடித்தது துண்டு போடும் கம்பியை. கம்பியும் நானுமாகக் கீழே விழுந்தோம். வாளி விளிம்பு நெற்றியைப் பதம் பார்த்தது. தவழ்ந்து வந்து வாசல் தாழ்ப்பாளைத் திறக்க எவ்வளவு நேரமானது என்று தெரியாது. எதிர்வீட்டம்மா கோலம் போட வந்து நின்றது என் நல்ல காலம். வேறு மாதமாக இருந்தால் அந்த நேரத்தில் உறையூரில் யார் விழித்திருப்பார்கள்?

அவருடைய மகன் 108-க்குப் போன் செய்தான். கல்லூரியில் படிக்கிற பையன். ஆம்புலன்சில் ஏற்றும்போது நான் அவனிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கதவுக்குப் பின்னால் பை தொங்குகிறது, எடுத்துக்கொள்."

எடுத்துக்கொண்டான். பாவம்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணியில் இருந்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். ரத்த அழுத்தம் 90-க்கு 60 என்றார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறாரா? பழைய ஈ.சி.ஜி. இருக்கிறதா? தலையில் அடிபட்டவன் விஷயத்தில் அந்த இரண்டாவது கேள்விக்கு எவ்வளவு கனம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்தவர்கள் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுவார்கள். அவர்களுக்கு மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் எளிதில் நிற்காது. எனக்கு நாக்குக் குழறியது. பையன் பக்கத்துக் காலிக் கட்டிலில் பையைக் கவிழ்த்தான்.

மேலாக வந்து விழுந்தது என் பெயரைப் பெரிய எழுத்தில் தாங்கிய ஒரு ஃபைல். உள்ளே இன்சுலின் கணக்கு: காலை 20 யூனிட், இரவு 12.

"ஐயா இன்சுலின் போடுகிறாரா? சர்க்கரை இறங்கியிருக்கும்" என்று சொல்லிச் செவிலியரைச் சர்க்கரை பார்க்க அனுப்பினார் மருத்துவர். நியாயமான யோசனைதான், காகிதம் அப்படித்தானே சொல்கிறது. எனக்குச் சர்க்கரை நோயே கிடையாது.

"அது என் மனைவியுடையது, டாக்டர்."

"அப்படியானால் அவர்களுக்குப் போன் போடச் சொல்லுங்கள். உங்கள் மாத்திரை விவரம் அவர்களுக்குத் தெரியும் இல்லையா?"

அவள் இருந்திருந்தால் பை இப்படி இருக்காது என்றேன். மருத்துவர் என்னைப் பார்த்தார். ஃபைலை மூடித் தனியாக வைத்தார்.

பெயர்க் குழப்பத்துக்குக் காரணம் சாதாரணமானது. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். மருத்துவ அட்டையில் நான்தான் தலைவர், அவள் என்னைச் சார்ந்தவள். அதனால் அவளுடைய ஃபைல் அட்டையிலும் என் பெயரையே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். எழுதியது நான். தபாலில் இதற்கு 'மிஸ்சென்ட்' என்று பெயர், தவறிப்போன உருப்படி. அதன்மேல் முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவோம். இங்கே தவறிப்போனது ஓர் ஆளின் நோய்.

மூன்றாவது கேள்விக்கும் பையில் பதில் இருந்தது. ஒரு கறுப்புத் தகடு.

அதன் கதை இது. 2017 மார்ச்சில் எனக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு ஈ.சி.ஜி. எடுத்துக் கையில் கொடுத்து, "இதைப் பத்திரமாக வைத்திருங்கள்" என்றார்கள். பத்திரம் என்றால் எனக்குத் தெரிந்தது லாமினேஷன். நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ரோஜா நிறக் கட்டம் போட்ட தாள் இயந்திரத்தின் ஒரு வாயில் நுழைந்தது, மறுவாயில் கரிக்கட்டை நிறத்தில் வந்தது. கடைக்காரரும் நானும் சற்று நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தத் தாளில் மை கிடையாது. வெப்பம் பட்டால் கறுக்கும் பூச்சு மட்டுமே உண்டு, ஈ.சி.ஜி. இயந்திரம் சூட்டால்தான் அதில் கோடு கிழிக்கிறது. லாமினேஷன் இயந்திரமோ தாள் முழுவதையும் சுட்டுவிடுகிறது. கடைக்காரர் காசு வாங்கவில்லை. "நல்லவேளை, கல்யாணப் போட்டோவைக் கொண்டுபோகவில்லை" என்றாள் மனைவி.

சுடாமல் வைத்திருந்தாலும் அந்தத் தாள் நிலைக்காது. வெயில் பட்டால் மங்கும், செல்லோ டேப் ஒட்டினால் மங்கும், மலிவான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாலும் அந்தப் பிளாஸ்டிக்கில் இருக்கும் ரசாயனம் எழுத்தை மெல்லத் தின்றுவிடும். திருச்சிக் கத்திரி வெயிலில் பீரோவுக்குள் வைத்ததுகூட இரண்டு மூன்று வருடத்தில் வெளுத்துப்போகலாம். வாங்கிய அன்றே சாதாரணத் தாளில் நகல் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு ரூபாய் வேலை.

பழைய ஈ.சி.ஜி. எதற்கு? புதிய படத்தில் ஒரு கோணல் தெரிந்தால், அது பழைய தழும்பா, இன்று வந்த வினையா என்று சொல்லக்கூடியது அந்தப் பழைய படம் ஒன்றுதான். என் படத்தில் ஒரு கோணல் இருந்தது. ஒப்பிட ஒன்றுமில்லை. அதனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் கம்பிகளோடு ஓர் இரவு, இதயத் தசை அடிபட்டதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை சில மணிக்கொரு தரம், ஒரு மூளை ஸ்கேன். எல்லாம் சரியாக இருந்தது. பில் மட்டும் கொஞ்சம் அதிகம்.

விழுந்த காரணத்தை மறுநாள் பெரிய மருத்துவர் கண்டுபிடித்தார், அதுவும் ஸ்கேனில் அல்ல. "வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும், அட்டை அட்டையாக அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றார். ஃபிரிட்ஜின் மேலிருந்த பிஸ்கட் டப்பாவைப் பையன் அப்படியே தூக்கி வந்தான். மருத்துவர் கட்டிலிலேயே அட்டைகளைப் பரப்பி, திருப்பித் திருப்பிப் பின்பக்கச் சிறு எழுத்தைப் படித்தார். இரண்டைத் தனியே எடுத்து என் கண்முன் பிடித்தார். ஒன்று நான் பல வருடமாகச் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரை, ஆம்லோடிபின் 5 மில்லிகிராம். இன்னொன்று நவம்பரில் வேறொரு மருத்துவர் மாற்றி எழுதியது. பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே டெல்மிசார்ட்டன் 40-உடன் அதே ஆம்லோடிபின் 5. புதியது பழையதற்குப் பதிலாக வந்தது. நான் பழையதற்குத் துணையாக வந்தது என்று நினைத்தேன். கட்டுப்பாடான ஊழியன், இரண்டையும் விடாமல் சாப்பிட்டிருக்கிறேன். மருத்துவர் என் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது, நிரம்ப நேரம் பிடித்தது. அந்த மாத்திரை அதிகமானால் கால் வீங்கும் என்றார். டிசம்பர் முழுக்க அந்த வீக்கத்தை வயதின் கணக்கில் எழுதிவிட்டு, தலையணை மேல் காலை வைத்துப் படுத்திருந்தேன்.

வீட்டில் இன்னொருவர் இருந்தால் இதெல்லாம் நடக்கும் முன் யாராவது கேட்டிருப்பார்கள். "ஏன் காலையில் இரண்டு மாத்திரை?" என்று ஒரு வார்த்தை. தனியாக இருப்பவனுக்கு இல்லாமல் போவது பெரிய பணிவிடை ஒன்றுமல்ல, இந்தச் சில்லறைக் கேள்விகள்தான். அந்தக் கேள்வியைக் காகிதத்தைக் கொண்டே கேட்கவைக்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் செய்தித்தாளைப் பரப்பிப் பையைக் கொட்டினேன். பிரித்து முடிக்க மூன்று நாள் ஆனது. மருந்துக்கடைப் பில்கள் தனிக்குவியல், அவற்றில் பாதி வெளுத்து வெறும் தாளாகிவிட்டிருந்தன. அவளுடைய கண் அறுவை சிகிச்சைச் சீட்டு. என் மகளின் பத்து வயதுத் தடுப்பூசி அட்டை. சமயபுரம் கோவில் அபிஷேக ரசீது. ரவிக்கை அளவு எழுதிய தையல்காரர் துண்டுச்சீட்டு ஒன்று, அதன் பின்பக்கம் யாரோ ஒரு மருத்துவரின் போன் எண், பெயரில்லாமல்.

முதலில் நோய்வாரியாகப் பிரித்தேன்: இதயம், முட்டி, கண், வயிறு. மகளும் அப்படித்தான் சொன்னாள். மதியத்துக்குள் அந்த முறை படுத்துவிட்டது. ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியில் இதயமும் இருக்கிறது, சிறுநீரகமும் இருக்கிறது, எந்தக் குவியலில் போடுவது? பிறகு மருத்துவமனைவாரியாகப் போட்டுப் பார்த்தேன். நான் போன இடங்கள்தான் தெரிந்தன, என்ன ஆனேன் என்பது தெரியவில்லை. கடைசியில் பழைய தொழில் நினைவுக்கு வந்தது. சார்ட்டர் கடிதத்தைப் பிரிப்பது அதைப் படிக்கப்போகிறவருக்காக அல்ல, அடுத்து அதைக் கையில் எடுக்கும் சார்ட்டருக்காக. விழுப்புரத்தில் பையை வாங்குகிறவன் தூக்கக் கலக்கத்தில் இருப்பான், விளக்கு மங்கலாக இருக்கும், அவனுக்கு என்னைத் தெரியாது. அவன் ஒரு பார்வையில் புரிந்துகொள்ளும்படி இருந்தால்தான் என் வேலை முடிந்தது. இந்தக் காகிதங்களுக்கும் அடுத்த கை ஒன்று இருக்கிறது. அன்று அது எதிர்வீட்டுப் பையன், பிறகு அந்த இரவுப்பணி மருத்துவர்.

அதனால் நோயை விட்டுவிட்டுத் தேதியைப் பிடித்தேன். புதியது மேலே, பழையது கீழே. இரண்டே ஃபைல். ஒன்றில் என்றைக்கும் மாறாதவை: டிஸ்சார்ஜ் சம்மரிகள், அறுவை சிகிச்சைக் குறிப்புகள், ஆஞ்சியோகிராம் அறிக்கை, ஸ்டென்ட் விவரம், ஈ.சி.ஜி. நகல்கள். இது சாகும்வரை கூடவே இருக்கும் ஃபைல். இன்னொன்றில் ஓடிக்கொண்டிருப்பவை: நடப்பு மருந்துச்சீட்டு, கடைசி இரண்டு வருட ரத்தப் பரிசோதனைகள். பில்களும் ரசீதுகளும் இரண்டிலும் சேராது. அவை பணத்தைப் பற்றியவை, உடம்பைப் பற்றியவை அல்ல. செலவைத் திரும்பக் கேட்கும்வரையும், வருமானவரிக்குத் தேவைப்படும்வரையும் ஒரு பழுப்பு உறையில் கிடக்கும். (பழைய வரிமுறையில் இருக்கும் மூத்த குடிமக்கள், காப்பீடு இல்லாவிட்டால், மருத்துவச் செலவில் 50,000 ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ரொக்கமாகக் கொடுத்த பணம் கணக்கில் வராது. இதைத் தெரிந்துகொள்ளும் முன் இரண்டு வருடம் ரொக்கமாகவே கொடுத்துத் தீர்த்தேன்.)

புதிய மருந்துச்சீட்டு வந்த அன்றே பழையதன்மேல் குறுக்குக் கோடு போட்டு, 'ரத்து' என்று தேதியோடு எழுதிவிடுகிறேன். முத்திரை குத்திய தபால்தலை மறுபடி ஓடக் கூடாது. டப்பாவில் இருக்கும் பழைய மாத்திரை அட்டைக்கும் அன்றே விடை கொடுத்துவிடுவேன், இரண்டு மாதத்துக்கு வாங்கி வைத்திருந்தாலும் சரி. கை கூசத்தான் செய்கிறது, காசு கொடுத்து வாங்கியதாயிற்றே.

ஸ்டென்ட் விவரம் என்றேன். அது ஒரு சின்ன ஒட்டுத்தாள்: தயாரிப்பாளர் பெயர், அளவு, தொகுதி எண். பழைய பில்லின் மூலையில் ஒட்டியிருந்தது. 2017 பிப்ரவரியில்தான் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது, பில்லில் அதன் விலையையும் விவரத்தையும் தனியாகக் காட்டவும் சொன்னது. அடுத்த மாதம் எனக்கு வைத்தார்கள். அதற்கு முன் லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வைத்துக்கொண்ட நண்பர் ஒருவர் என்னை இன்றும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார். அந்த ஒட்டுத்தாள் போன வருடம் முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனபோது உதவியது. உடம்பில் ஏதாவது உலோகம் உண்டா என்று கேட்டார்கள். மற்றவர்கள் நெற்றியைச் சுருக்கி யோசித்துக்கொண்டிருக்க, நான் தாளை எடுத்து நீட்டினேன். அன்று எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

கறுத்துப்போன ஈ.சி.ஜி.க்கு ஒரு பிரதி கிடைக்குமா என்று 2017-இல் படுத்திருந்த மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டேன். இல்லை என்றார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. மருத்துவர்களின் தொழில் நெறிக்கான 2002-ஆம் வருட விதிகளின்படி உள்நோயாளிகளின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று வருடம்தான் வைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுத்துவிட வேண்டும். நான் கேட்டது ஆறு வருடம் கழித்து. நம்முடைய சரித்திரத்தை ஆஸ்பத்திரி காப்பாற்றும் என்று நாம் நினைக்கிறோம். அவர்களுக்கு அது மூன்று வருடச் சரக்கு.

ரத்தப் பரிசோதனைகளை ஒரு கோடு போட்ட நோட்டில் ஏற்றினேன். இடப்பக்கம் தேதி, மேலே கிரியேட்டினின், ஹீமோகுளோபின், சோடியம் என்று தலைப்பு, தபால் அலுவலகப் பதிவேடு மாதிரியே. சிறுநீரகத்தின் நிலையைச் சொல்வது கிரியேட்டினின், சிறுநீரகம் தளர்ந்தால் அது ஏறும். அந்தப் பத்தியை எழுதி முடித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். 2020-இல் 1.0. அடுத்த வருடம் 1.1. அதற்கடுத்து 1.3. விழுந்தபோது 1.5. ஒவ்வொரு தாளையும் ஒவ்வொரு மருத்துவர் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார். முதல் மூன்றும் தாளில் அச்சிட்ட எல்லைக்குள்தான் இருந்தன, யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்லக் காரணமும் இல்லை. வரிசையாக எழுதியபோதுதான் அது ஏறிக்கொண்டே வருவது தெரிந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "முட்டி வலிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்பது மருத்துவரின் முதல் கேள்வி. கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக். எந்தச் சீட்டிலும் அது இல்லை, எனவே யாருக்கும் தெரியாது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது ஆகாது என்று அன்றோடு நிறுத்தினார். ஏழெட்டு மாதத்தில் அந்தப் பத்தியில் 1.2 என்று எழுதினேன். முட்டி மட்டும் வலித்துக்கொண்டுதான் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால், அவசரத்தில் எடுத்துப் படிக்க வேண்டிய முதல் தாளுக்கு வருகிறேன். அதைத்தான் நான்கு முறை எழுதினேன்.

பின்கோடு போட்ட கடிதத்தைப் பிரித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, முதல் எண்ணைத்தான் முதலில் பார்ப்போம். 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்தது. வகுத்தவர் ஸ்ரீராம் பிக்காஜி வேலங்கர் என்ற அதிகாரி, சமஸ்கிருதக் கவிஞரும்கூட. 620003 என்றால் 6 தமிழ்நாடு, கேரளப் பக்கம். 620 திருச்சி. கடைசி மூன்றும் சேர்ந்தால் எங்கள் உறையூர். டில்லியில் இருப்பவனுக்கு முதல் எண் போதும், திருச்சிக்காரனுக்குத்தான் கடைசி எண் வேண்டும். என் முதல் தாளையும் அப்படி அமைத்தேன். மேலே பெரிய எழுத்தில் பெயர், வயது, ரத்த வகை. அதன்கீழ் சிவப்பு மையில்: 'சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது.' அடுத்த வரி: '2017-இல் இதயத்தில் ஸ்டென்ட். ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். சர்க்கரை நோய் இல்லை.' ஆம்புலன்சில் வருபவருக்கு இவ்வளவு போதும். அதற்குக் கீழே மாத்திரைகள், கம்பெனி வைத்த பெயரோடு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை என்பதும். இது மருத்துவருக்கு. கடைசியில் யார் யாருக்குச் சொல்ல வேண்டும், ஃபைல் எங்கே, சி.ஜி.எச்.எஸ். அட்டை எங்கே. எழுதிய தேதியை மேல் மூலையில் போட்டேன். தேதியில்லாத தாளை எந்த மருத்துவரும் நம்புவதில்லை, நம்பவும் கூடாது.

எங்கே வைப்பது என்பது அடுத்த யோசனை. பீரோவில் வைத்தால் சாவி என் இடுப்பில் இருக்கும். போனில் வைத்தால் பூட்டு. மகள் புனேயில் இருக்கிறாள், எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பச் சொல்கிறாள், அனுப்புகிறேன். 2021-இல் தொடங்கிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தில் ஆபா என்று பதினான்கு இலக்க எண் ஒன்றும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நல்ல ஏற்பாடு. ஆனால் நான் விழுந்த அன்று என் போன் கட்டிலடியில் கிடந்தது. அதன் கடவுச்சொல் தெரிந்த ஒரே ஆள் தரையில் கிடந்தான். பூட்டைத் திறக்காமலே அவசர மருத்துவ விவரம் தெரியும்படி போனில் ஓர் அமைப்பு இருக்கிறதாம், பையன் செய்து கொடுத்தான். இருந்தாலும் காகிதத்துக்கு மின்சாரம் வேண்டாம்.

தமிழ்நாட்டு வீடுகளில் எந்த அந்நியரும் கேட்காமல் எடுக்கும் காகிதம் ஒன்றுதான் உண்டு, மின்வாரிய அட்டை. கணக்கெடுக்க வருபவர் மீட்டர் பக்கத்தில் கையை நீட்டினால் அது அங்கே இருக்கும். எங்கள் வீட்டில் வாசல் கதவுக்கு உள்பக்கம், சுவிட்ச் பலகைக்குக் கீழே ஓர் ஆணியில் தொங்குகிறது. முதல் தாளை ஓர் உறையில் போட்டு அதே ஆணியில் மாட்டிவிட்டேன். ஃபைல்கள் இரண்டும் அதற்கு நேர் கீழே, ஸ்டூல் மேல்.

உறைக்குள் இன்னொரு தாள் எழுதப்படாமலே இருக்கிறது. மீள முடியாத நிலை வந்தால் கருவிகளை வைத்து உயிரை இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. அப்போது நீதித்துறை நடுவர் முன்னால் கையெழுத்து வேண்டும் என்று வைத்திருந்தார்கள், யாரால் அலைய முடியும்? 2023 ஜனவரி 24-இல் அதை எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். நான் விழுந்து பத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது, செய்தித்தாளில் படித்தேன். எனக்குச் சம்மதம்தான். ஆனால் நான் பேச முடியாதபோது எனக்காகப் பேசுகிறவர் யார் என்று அதில் பெயர் எழுத வேண்டும். மகளிடம் போனில் சொன்னேன். "அப்பா, வேறு பேச்சுப் பேசுங்கள்" என்றாள். பொங்கலுக்கு வந்தபோது மறுபடி எடுத்தேன், எழுந்து உள்ளே போய்விட்டாள். இந்த விஷயத்தில் அவளை அவசரப்படுத்த எனக்கு மனமில்லை. தாள் காத்திருக்கிறது.

மனைவியின் காகிதங்களை என்ன செய்வது என்பதைக் கடைசிவரை தள்ளிப்போட்டேன். மருத்துவக் காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவளுக்கு எந்த வயதில் சர்க்கரை வந்தது, கண் எப்போது பாதித்தது என்பது மகளுக்கு ஒருநாள் தேவைப்படலாம். அதை ஒரு பக்கத்தில் எழுதி மகளுக்கு அனுப்பிவிட்டேன். மற்றவற்றைக் கிழிக்க உட்கார்ந்தேன். எங்கள் இலாகாவில் பெறுபவரும் இல்லாமல், அனுப்பியவரும் யாரென்று தெரியாத கடிதங்கள் ஆர்.எல்.ஓ. என்ற அலுவலகத்துக்குப் போகும். அங்கேதான் உறையைப் பிரித்துப் படிக்க அனுமதி உண்டு. அன்று மதியம் முழுக்க நான் அந்த வேலையைத்தான் பார்த்தேன். காலை 20, இரவு 12. காலை 22, இரவு 12. காலை 22, இரவு 14. ஏதும் கிழிக்கவில்லை. ஃபைல் அட்டையில் என் பெயரை அடித்து அவள் பெயரை எழுதி, பழைய கட்டைப்பையிலேயே போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டேன்.

சார்ட்டர்களுக்குப் பரீட்சை உண்டு. கட்டுக் கட்டாக அட்டைகளைக் கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பிரிக்கச் சொல்வார்கள். வேகமும் வேண்டும், பிழையும் கூடாது. ஏற்பாடெல்லாம் முடிந்ததும் எதிர்வீட்டுப் பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். நான் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு, எனக்குப் பேச்சில்லை என்று வைத்துக்கொள், எனக்கு எந்த மருந்து ஆகாது என்று கண்டுபிடி என்றேன். கையில் கடிகாரம். வாசலுக்குப் போனான், உறையை எடுத்தான், படித்தான். பதினோரு விநாடி. என் ஸ்டென்ட் எந்த வருடம்? நான்கு விநாடி. பழைய ஈ.சி.ஜி. எங்கே? ஃபைலைத் திறந்து நகலை உருவி நீட்டினான், அரை நிமிடம் ஆகவில்லை. எழும்பூர் வரை போன சார்ட்டருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"இப்போது என் மகளுக்குச் சொல்" என்றேன்.

தாளின் கடைசி வரியைப் பார்த்து எண்ணை அழுத்தினான். காதில் வைத்துக் கேட்டான். மறுபடி அழுத்தினான்.

"தாத்தா, இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று சொல்கிறது."

புனேவுக்கு மாறிப் போனபோது அவள் எண்ணை மாற்றியிருந்தாள். என் போனில் அவள் பெயரைத் தொட்டால் புது எண்ணுக்குப் போகும், அதனால் எனக்கு எண்ணே தெரியாது. நோட்டின் அட்டையில் எப்போதோ எழுதி வைத்திருந்த பழைய எண்ணைப் பார்த்து நான்கு முறையும் அச்சுப் பிசகாமல் எழுதியிருக்கிறேன். பையன் சிரிக்காமல் இருக்க முயன்றான். நான் ஈஸிசேரிலிருந்து எழுந்து, கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, ஐந்தாம் முறையாக முதல் தாளை எழுத உட்கார்ந்தேன். எண்ணை அவன் ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னான்.